மேக்கில் திறக்கும் ஃபோல்டர் புது விண்டோஸில் மட்டும் ஏன் திறக்கவில்லை?

கேள்வி இதுதான்: டிடிபி கடை ஒன்றில் இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர், ஒரு மேக், ஃபைல்களைப் போட்டு வைக்க உபுண்டு ஏற்றிய பழைய சிஸ்டம் ஒன்று. உபுண்டுவில் 'ஜாப்ஸ்' என்ற ஃபோல்டரை பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்திருக்கிறார்கள். மேக்கிலும் பழைய விண்டோஸ் 10-லும் திறக்கிறது. போன மாதம் வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோவில் மட்டும் திறக்க மறுக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. ஃபைல் பகிர கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர்; அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்கிறார் ஒருவர், ஃபயர்வாலை அணைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் சிக்கலுக்கும் அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, சரிசெய்யும் வழிக்கு வருகிறேன்.

முதலில் அந்தச் செய்தியை நிதானமாகப் பாருங்கள். "எங்கள் கடையில் நிறுவனமும் இல்லை, கொள்கையும் இல்லை" என்று தோன்றும். ஆனால் அந்தச் செய்தி வந்ததே நல்ல சேதிதான். விண்டோஸ் உபுண்டுவைத் தேடிப் போய், கதவைத் தட்டி, பேச்சுவார்த்தை நடத்தி, "நீ யார்" என்ற கட்டம் வரை போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆக கேபிள், வைஃபை, ரவுட்டர், ஐபி முகவரி, ஃபயர்வால், எஸ்எம்பி பதிப்பு எல்லாம் சரி. ஃபயர்வால் தடுத்திருந்தால் இந்தச் செய்தி வந்திருக்காது. வெகுநேரம் சுற்றிவிட்டு "வழியைக் காணவில்லை" என்றுதான் வந்திருக்கும். அதோடு விண்டோஸ் ஃபயர்வால் சாதாரணமாகத் தடுப்பது உள்ளே வருவதை. இங்கே விண்டோஸ் வெளியே போகிறது.

இப்போது நடந்தது என்ன என்று பார்ப்போம். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ப்ரோ பதிப்பில் கெஸ்ட், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழைவது, தானாகவே தடுக்கப்பட்டது. எஸ்எம்பி வழியாகப் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் கையொப்பம் கட்டாயமானது. கையொப்பமிட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்டே இல்லையென்றால் சாவி ஏது, கையொப்பம் ஏது? அதனால்தான் பழைய விண்டோஸ் 10 ப்ரோ ஏற்றுக்கொள்ளும் அதே ஃபோல்டரைப் புதுசு தள்ளிவிடுகிறது. நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்க வைக்கும் சில பழைய என்ஏஎஸ் பெட்டிகளில் இதே காரணத்தால் "கையொப்பம் செல்லாது" என்று 0எக்ஸ்சி000ஏ000 பிழை வரும். நோய் ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர் இருந்தால் முதலில் அதை ஏற்றிப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பேர் இதில்தான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். உபுண்டுவை எஸ்எம்பி பேச வைக்கும் நிரல் சாம்பா. அதை ஏற்றினால் வரும் எஸ்எம்பி.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் 'மேப் டு கெஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 'பேட் யூசர்'. தனக்குத் தெரியாத பெயரில் யாராவது வந்தால் சாம்பா அவரைத் திருப்பி அனுப்பாமல், சத்தமில்லாமல் விருந்தினராக உட்கார வைக்கும். விண்டோஸ் என்ன செய்கிறது? பெயர், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காட்டுவதற்கு முன்பே, நீங்கள் அந்த கம்ப்யூட்டரில் நுழைந்த பெயரையே முதலில் அனுப்பிப் பார்க்கிறது. அந்தப் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது. "சரி, விருந்தாளி" என்கிறது. விண்டோஸ் 11 உடனே "விருந்தாளியாக எல்லாம் நான் போக மாட்டேன்" என்று விலகுகிறது. பாஸ்வேர்டு பெட்டி வரவே வராது. நீங்கள் உபுண்டுவில் ஒழுங்காக ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தாலும் அதைத் தட்டச்சு செய்ய இடமே கிடைக்காது. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் இதே கதிதான்.

ஆகவே மருந்து இது. உபுண்டுவில் கடைக்கென்று ஒரு பயனர் கணக்கு உண்டாக்குங்கள். பிறகு அதே பெயரை சாம்பாவின் பாஸ்வேர்டு பட்டியலிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். உபுண்டுவில் நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. உபுண்டு பாஸ்வேர்டை மாற்றினால் சாம்பாவுடையது தானாக மாறாது. முதலில் உபுண்டு கணக்கு இருக்க வேண்டும், அப்போதுதான் சாம்பா சேர்க்க விடும். அடுத்து அந்த 'மேப் டு கெஸ்ட்' வரியை 'நெவர்' என்று மாற்றி, 'ஜாப்ஸ்' பகுதியில் 'கெஸ்ட் ஓகே' என்பதை 'நோ' ஆக்குங்கள். 'டெஸ்ட்பார்ம்' என்று அடித்தால் எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று காட்டும். சாம்பாவை மறுபடி தொடங்குங்கள். கடைசியாக விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, உபுண்டுவின் ஐபி முகவரி, புதுக் கணக்கின் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் சேமித்து வையுங்கள். இனி எக்ஸ்ப்ளோரரில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அதே ஐபி, பிறகு ஒரு கோடு, ஃபோல்டர் பெயர் என்று அடித்தால் திறக்கும்.

"பாலிசியை மாற்றி கெஸ்ட்டை அனுமதித்தால் போதுமே, இவ்வளவு வேலை எதற்கு?" என்று கேட்பீர்கள். மாற்ற முடியும்; கையொப்பக் கட்டாயத்தையும் சேர்த்துத் தளர்த்த வேண்டியிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். டிடிபி கடைக்கு வருகிறவர் "வைஃபை பாஸ்வேர்டு கொடுங்க, படத்தை அனுப்பணும்" என்று கேட்பார், நீங்களும் கொடுப்பீர்கள். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய போனில் உள்ள எந்த ஆப்பும் உங்கள் 'ஜாப்ஸ்' ஃபோல்டருக்குள் போகலாம், அழிக்கலாம். முகூர்த்த மாதத்தில் அதில் எத்தனை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இருக்கும்! பத்து நிமிட வேலைக்குச் சலித்து அதை ஊருக்குத் திறந்து வைக்காதீர்கள்.

எஸ்எம்பி 1 பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த மொழி 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. ஒன்றையொன்று நம்பும் நாலு கம்ப்யூட்டர் ஒரே அறையில் இருந்த காலத்துப் பொருள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளையே முடக்கிய வானாக்ரை என்ற தீநிரல், இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது, ஏற்றாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி 1-ஐ இயல்பாகவே ஏற்றி வைப்பதை மைக்ரோசாஃப்ட் கைவிடத் தொடங்கியது. சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 2-க்குக் கீழே பேசுவதை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. உங்கள் உபுண்டு சமீபத்தியது என்றால் அது எஸ்எம்பி 3 பேசும். நீங்கள் விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தாலும் எதிர்ப்பக்கம் அதில் பேசாது. லாபம் ஒன்றும் இல்லை, ஓட்டை மட்டும் மிச்சம்.

எஸ்எம்பி 1 உண்மையிலேயே குறுக்கே வருவது வேறு இடத்தில்: பத்து, பன்னிரண்டு வருடம் பழைய என்ஏஎஸ், ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் பழைய ஜெராக்ஸ் மெஷின். லினக்ஸிலிருந்து அப்படிப்பட்ட பெட்டியை மவுண்ட் செய்யப் போனால் "பிழை 112, ஹோஸ்ட் இஸ் டவுன்" என்று வரும். பெட்டி செத்துவிட்டது என்று நினைத்து கேபிளை மாற்றி, ஸ்விட்சை மாற்றி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை ஒரு பகல் முழுக்க அலைந்தேன். பெட்டி உயிரோடுதான் இருந்தது. இரண்டுக்கும் பொதுவான எஸ்எம்பி பதிப்பு இல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஜெராக்ஸ் மெஷினுக்காகக் கடையின் எல்லா கம்ப்யூட்டரிலும் எஸ்எம்பி 1-ஐத் திறக்காதீர்கள். பெரும்பாலான மெஷின்கள் எஃப்டிபி வழியாகவோ மின்னஞ்சலாகவோ ஸ்கேனை அனுப்பும், அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் இதோடு முடிந்தது. ஆனால் மூன்று வகை சிஸ்டம் வைத்திருக்கும் கடையில் நாளை வேறொன்று முளைக்கும். அப்போது எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிழை எண்ணை எழுதி வையுங்கள், அது பாதி வேலையை முடித்துவிடும். விண்டோஸில் 53 அல்லது 0எக்ஸ்80070035 என்றால் அந்தப் பக்கமே போய்ச் சேரவில்லை. 67 என்றால் கம்ப்யூட்டர் கிடைத்தது, நீங்கள் சொன்ன ஷேர் பெயர் அங்கே இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. 1326, 86 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உள்ளே விட்டாயிற்று, அந்த ஃபோல்டரைத் தொட அனுமதி இல்லை. 1272 உங்களுக்கு வந்த கெஸ்ட் தடை. 1219 என்பது தனி ரகம்: ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. காலையில் ஒரு பெயரில் திறந்து வைத்திருப்பீர்கள், மதியம் இன்னொரு பெயரில் வேறு ஃபோல்டரைத் திறக்கப் பார்ப்பீர்கள், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுக்கும். 'நெட் யூஸ்' கட்டளையில் பழைய இணைப்பை நீக்குங்கள், இல்லையென்றால் ஒருமுறை லாக் ஆஃப் செய்து வாருங்கள்.

போய்ச் சேரவில்லை என்ற வகையில் நம் ஊர்க் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது ரவுட்டருக்குள் ரவுட்டர். இன்டர்நெட் நிறுவனம் வைத்த பெட்டியிலேயே வைஃபை இருக்கும். சிக்னல் பத்தவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, அதில் இன்டர்நெட் கேபிளுக்கான 'வான்' (WAN) துளையில் கேபிளைச் செருகியிருப்பார்கள். இப்போது ஒரு கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1 என்று தொடங்கும், இன்னொன்று 192.168.0 என்று தொடங்கும். உள்ரவுட்டரில் இருப்பவர் வெளியே உள்ளதைத் திறக்கலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது இதுதான். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டால் எல்லாரும் ஒரே தெருவுக்கு வந்துவிடுவார்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வாங்கவில்லை. 'கெஸ்ட் வைஃபை'யில் இணைந்த கருவிகள் கடையின் மற்ற சிஸ்டங்களைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே பொதுவாகப் பிரித்து வைத்திருக்கும். பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், விண்டோஸ் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. எஸ்எம்பி போய்வரும் வாசலான 445-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லில் சோதியுங்கள், அதுதான் உண்மையைச் சொல்லும்.

நெட்வொர்க் ஜன்னலில் உபுண்டு தெரியவில்லை என்பதை ஒரு கோளாறாகவே எண்ண வேண்டாம். பெயர்ப் பலகை இல்லாத வீடும் வீடுதான். பழைய பட்டியல் முறை எஸ்எம்பி 1 காலத்தோடு போய்விட்டது. இன்றைய விண்டோஸ் டபிள்யூஎஸ் டிஸ்கவரி என்ற முறையில் அக்கம்பக்கத்தைத் தேடுகிறது, மேக் பொன்ஜூர் முறையில் தேடுகிறது. சாம்பாவுக்கு டபிள்யூஎஸ் டிஸ்கவரி தெரியாது. 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சின்ன நிரலை உபுண்டுவில் ஏற்றினால் பெயர் தெரியத் தொடங்கும். ஏற்றாவிட்டாலும் ஐபி முகவரியை அடித்துத் திறக்கலாம். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட், கே இரண்டையும் அழுத்தி அதே முகவரியைக் கொடுக்கலாம். ரவுட்டரில் உபுண்டுவுக்கு ஒரே ஐபி எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கி வைப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் சிக்கல் வரும். மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது பலர் நாலு இலக்கப் பின் எண்ணை அடித்துவிட்டுத் தவறு என்கிறதே என்பார்கள். பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது; கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத விண்டோஸ் கணக்கில் வெளியிலிருந்து நுழையவும் முடியாது. அந்த விண்டோஸில் வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். ஃபயர்வாலை அணைக்கச் சொல்பவர்கள் தேடுவது உண்மையில் இந்த ஒரு தேர்வைத்தான். விண்டோஸிலிருந்து மேக்குக்குப் போகிறீர்கள் என்றால், மேக்கின் ஃபைல் ஷேரிங் அமைப்பில் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற பகுதி இருக்கிறது. அங்கே அந்தப் பயனரின் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். ஷேரிங்கை ஆன் செய்துவிட்டு இந்த டிக்கை விட்டுவிட்டால் சரியான பாஸ்வேர்டும் தவறு என்றே வரும்.

அனுமதிப் பிழை, அந்த 5-ஆம் எண், வரும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: இரண்டு கதவு இருக்கிறது, இரண்டும் திறந்திருக்க வேண்டும். விண்டோஸில் ஷேர் அனுமதி ஒன்று, வட்டில் உள்ள ஃபோல்டருக்கே உரிய என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று. எது இறுக்கமோ அதுவே செல்லும். உபுண்டுவில் சாம்பா அமைப்பு ஒன்று, லினக்ஸின் சொந்த அனுமதி ஒன்று. இதில் 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு புதிதாக உண்டாக்கும் வீட்டு டைரக்டரிகளை அடுத்தவர் எட்டிப் பார்க்க முடியாதபடி 750 என்று பூட்டுகிறது. ஷேர் ஃபோல்டரை உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் வைத்திருந்தால், ஃபோல்டரின் அனுமதி சரியாக இருந்தும் அதற்கு மேலே உள்ள வாசல் மூடியிருக்கும். பழைய உபுண்டுவில் ஓடிய அதே அமைப்பு புதியதில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் 777, அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி, போடுகிறார்கள். போடாதீர்கள். ஃபோல்டரை ஹோமிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், கடைக்கென்று ஒரு குரூப் வையுங்கள், சாம்பாவில் 'ஃபோர்ஸ் குரூப்' வரியில் அந்தப் பெயரைக் கொடுங்கள், 'கிரியேட் மாஸ்க்' 0664 என்றும் 'டைரக்டரி மாஸ்க்' 2775 என்றும் வையுங்கள். மேக்கில் ஒருவர் சேமித்த ஃபைலை விண்டோஸில் இன்னொருவர் திருத்த முடியவில்லை என்ற தொல்லையும் இதிலேயே தீரும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது கதவும் உண்டு, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு; அதை அணைக்காமல் ஃபோல்டருக்கு சாம்பா என்ற முத்திரையை மட்டும் குத்தினால் போதும்.

கடைசியாக ஃபைல் பெயர். தமிழில் பெயர் வைக்கும் நமக்கு மட்டுமே வரும் சில வினைகள் இதில் உண்டு, ஆங்கிலக் கையேடுகளில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டு அமைப்பான எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'மீனாட்சி' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே எட்டுக் குறியீடு, 24 பைட். ஆக லினக்ஸில் அதிகபட்சம் 85 குறியீடு. விண்டோஸோ குறியீட்டை எண்ணி 255 வரை விடுகிறது. மாப்பிள்ளை, பெண், மண்டபம், தேதி எல்லாம் பெயரிலேயே எழுதும் பழக்கம் இருந்தால், டெஸ்க்டாப்பில் சேமிக்கும் ஃபைல் உபுண்டு ஷேரில் சேமிக்க மறுக்கும். வட்டில் இடம் இல்லையோ என்று பார்ப்பீர்கள், இடம் நிறைய இருக்கும். பெயரைச் சுருக்குங்கள். மேக்கில் வைத்த பெயரில் கேள்விக்குறியோ சாய்வுக்கோடோ இருந்தால் அதுவும் விண்டோஸில் தகராறுதான். தேதியை 12/5 என்று எழுதாமல் 12-5 என்று எழுதுங்கள்.

இதைவிட மோசமானது இரட்டைப் பிறவி. ஒரு அச்சகத்தில் 'கோயில் மலர்' என்ற ஃபோல்டர் சர்வரில் இரண்டு இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், ஒன்றில் நேற்றைய பக்கங்கள், இன்னொன்றில் போன வாரத்துப் பக்கங்கள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாதே என்று எல்லாரும் திகைத்து நின்றார்கள். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, அல்லது ககரம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாக முதல் விதம். பழைய மேக் வட்டுகள் பெயரைப் பிரித்து இரண்டாம் விதத்தில் வைக்கும். அங்கே பழைய மேக் வட்டை ஆர்சிங்க் என்ற நகல் கருவி மூலம் லினக்ஸுக்கு நகலெடுத்தபோது பிரிந்த வடிவம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. லினக்ஸுக்கு பைட் வேறானால் பெயர் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. சில நேரம் மேக்கில் பட்டியலில் தெரியும் ஃபைல் திறக்கும்போது மட்டும் "காணவில்லை" என்று வருவதற்கும் இது காரணமாக இருக்கும்.

இதற்கு உபுண்டுவில் 'கான்வ்எம்வி' என்ற கருவி இருக்கிறது. என்எஃப்சி என்ற தேர்வோடு ஓட்டினால் பிரிந்த பெயர்களையெல்லாம் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். முதலில் எதையும் மாற்றாமல், எதையெல்லாம் மாற்றப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். சேர்ந்த வடிவத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் அவற்றைக் கையால் திறந்து, எது புதிது எது பழையது என்று பார்த்துப் பிரித்து வைத்த பிறகே உண்மையாக மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் மொத்த 'ஜாப்ஸ்' ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.